கிரவுன் போட்ட சிப் என்று சொல்லி ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டார்கள்: பழைய சிடி பிளேயர் தேடுபவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன். அந்த ஆள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். போனது ஒரு மாதச் சம்பளம். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வரும் தொகை, முழுசாக.

நல்ல சிடி பிளேயர் வாங்கலாமா, தனியாக டாக் வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

வீட்டில் அலமாரி நிறைய சிடி இருக்கிறது. இருந்த பிளேயர் படுத்துவிட்டது. கையில் இருக்கும் காசுக்கு இரண்டு வழிதான். உருப்படியான பிளேயர் ஒன்றைப் பார்த்து வாங்குவது ஒரு வழி. டிஜிட்டல் அவுட் உள்ள ஏதாவது ஒரு சாதாரண பிளேயரைப் பிடித்து, டிஜிட்டலை அனலாகாக மாற்றும் வேலையை டாக் என்கிற தனிப் பெட்டியிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. இரண்டையும் நல்லதாக வாங்க வசதி கிடையாது. பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து நடுவில் கமிஷன் எடுக்கும் வகைத் தளம், அவ்வளவுதான். அங்கேதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

எண்பதுகளின் கடைசியில் வந்த ஐரோப்பிய பிளேயர். டிஜிட்டலை அனலாகாக மாற்றும் வேலைக்கு உள்ளே பிலிப்ஸின் டிடிஏ1541ஏ சிப். அதுவும் 'எஸ்1', தலையில் கிரவுன் அச்சடித்தது.

இந்தக் கிரவுன் விவகாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சிடி 1982-ல் சந்தைக்கு வந்தது. சிடியில் பதிவாகியிருப்பது 16 பிட். ஆனால் பிலிப்ஸின் முதல் பிளேயர்களில் இருந்தது 14 பிட் சிப்தான். அதற்கு அப்புறம் வந்த 16 பிட் சிப்தான் இந்த 1541. அதன் 'ஏ' வகையில், அளந்து பார்த்து நன்றாகத் தேறியவற்றைத் தனியாகப் பிரித்து, மேலே ஒரு சின்ன கிரவுனை அச்சடித்து விட்டார்கள். உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. புதிதாக வரப்போவதில்லை என்பதால் அந்தக் கிரவுனுக்கு ரசிகர்களிடம் ஒரு பைத்தியம் உண்டு. எனக்கும்தான்.

தளத்தின் அரட்டையில் ஒரு கேள்வி அனுப்பினேன். அவரே போன் செய்தார்.

"சார், நீங்க எந்த மாதிரி பாட்டு கேப்பீங்க?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது. விலை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குரலா, வாத்தியமா, ஸ்பீக்கர் எது, ஆம்ப்ளிஃபயர் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒலியின் மாதிரிகளைக் கணக்குப் போட்டு நாலு மடங்காக்கும் ஓவர்சாம்ப்ளிங் பற்றிச் சொன்னார். 1541-க்கு ஜோடியாக வேலை செய்யும் எஸ்ஏஏ7220 ஃபில்டர் சிப்பைப் பற்றிச் சொன்னார். போனை வைத்ததும் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். எல்லாம் உண்மை. சிப்பின் வரலாற்றில் அந்த ஆள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய் சொன்னது அவர் கையில் இருந்த பெட்டியைப் பற்றி மட்டும்தான்.

அடுத்த முறை பேசும்போது, புது டாக் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். சிரித்தார். "ஜப்பான்ல ஃபேக்டரி தீப்பிடிச்சதுக்கு அப்புறம் நல்ல சிப் ஏது சார்?" இதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2020 அக்டோபரில் நொபெயோகாவில் இருந்த, டாக் சிப் செய்யும் ஆசாஹி கசெய் மைக்ரோடிவைசஸ் கம்பெனியின் ஆலை எரிந்துபோனது. டாக் செய்யும் பல கம்பெனிகள் அதனால் திண்டாடி வேறு சிப்புக்கு மாறின. ஆனால் அந்தக் கம்பெனியின் சிப்புகள் பிறகு திரும்பி வந்துவிட்டன. அந்த மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த வாக்கியம்.

"எதுக்கு சார் குழப்பம்? இதுல டிஜிட்டல் அவுட்டும் இருக்கு. இப்போ பிளேயரா கேளுங்க. நாளைக்கு டாக் வாங்கினா இதையே பின்னாடி மாட்டிக்கலாம். ஒரே செலவுல ரெண்டு."

பிளேயரா டாக்கா என்று எத்தனையோ இரவு குழம்பிக் கிடந்தவனுக்கு இதைவிட இனிப்பான பதில் வேறு என்ன வேண்டும்? படங்கள் அனுப்பினார். பின்பக்கத்தில் டிஜிட்டல் அவுட் சாக்கெட், பளபளவென்று. மூடியைத் திறந்து எடுத்த படத்தில் சிப், அதன் மேல் கிரவுன். ஒரு வீடியோ: தட்டு உள்ளே போகிறது, முதல் பாட்டு தொடங்குகிறது, ஒரு திணறலும் இல்லாமல் முழுசாக ஓடி முடிகிறது. அப்பா ஆசையாக வாங்கியதாம். வீடு மாற்றுகிறார்களாம். நான் பேரம் பேசாமலே விலையைக் குறைத்தார். "ரசிகர் கைக்குப் போகணும் சார், அதுதான் எனக்கு முக்கியம்." அப்படிக் குறைத்து வந்து நின்ற தொகைதான் என் ஒரு மாதச் சம்பளம்.

தளத்தின் வழியாகவே கட்டினேன். 'உங்கள் பணம் எங்களிடம் பத்திரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே.

பெட்டி வந்தது. பேக்கிங் பிரமாதம், அதில் குறையே சொல்ல முடியாது. முதல் பாட்டு ஓடியபோது சத்தியமாக மெய்சிலிர்த்தது. கடைசிப் பாட்டுகள் பக்கம் போனதும் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு தாவல். பிறகு உள்ளே எதையோ தேடுவது போல விர்ர்ரென்று ஓசை. வேறு சிடி போட்டேன், அதே கதை. மறுநாள் முதல் பாட்டிலேயே தாவியது. அந்த வாரம் முடிவதற்குள் சிடி உள்ளே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை.

போன் செய்தேன். அப்போதும் அதே தேன் குரல். "சிடியத் தொடைச்சுப் பாத்தீங்களா சார்?" துடைத்தேன். "கூரியர்ல குலுங்கியிருக்கும். ஒரு நாள் சும்மா வைங்க, செட்டில் ஆயிடும்." வைத்தேன். ஒன்றும் செட்டில் ஆகவில்லை. "பழைய மெஷின் சார், காப்பி சிடி போடக்கூடாது." நான் போட்டது எல்லாம் ஒரிஜினல். அதற்கு அப்புறம், "நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்." அந்த 'அப்புறம்' இன்று வரை வரவில்லை. நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இந்த மாதிரிப் பழைய செட்டுகளையே கட்டி மேய்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். மூடியைத் திறந்து, விளக்கை அருகில் இழுத்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, லென்ஸ் ஏற்கெனவே வீக். பிரிசெட்டத் திருப்பி கரண்ட்ட ஏத்திவிட்டு உங்க தலையில கட்டியிருக்காங்க."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சிடியைப் படிக்கும் லேசருக்கு வயதாக ஆக ஒளி மங்கும். அதற்குப் போகும் கரண்ட்டைத் தீர்மானிக்க போர்டில் பிரிசெட் என்று குட்டியாக ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால், எண்ணெய் தீரப்போகும் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டது போல லேசர் சில நாள் பிரகாசமாக எரியும். வீடியோ எடுக்கலாம், விற்றுவிடலாம். ஆனால் அந்த அதிகப்படிக் கரண்ட்டே லேசரைச் சீக்கிரம் கொன்றுவிடும். பிரிசெட்டின் மேல் ஸ்க்ரூ டிரைவர் கீறிய தடம் புதிதாக மின்னியது. எனக்கே காட்டினார்.

கடைசிப் பாட்டில் மட்டும் ஏன் முதலில் தாவியது என்று கேட்டேன். சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே நோக்கிப் படிக்கப்படுகிறது. ஓரத்துக்குப் போகப் போகத் தட்டின் மேல்கீழ் ஆட்டம் கூடும். தெம்புள்ள லேசர் ஃபோகஸை விடாமல் பிடித்துக்கொள்ளும், தெம்பில்லாதது அங்கேதான் முதலில் கோட்டை விடும். அந்த வீடியோவில் ஏன் முதல் பாட்டு மட்டும் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்து சிப். மேல்பரப்பைத் தேய்த்து எடுத்திருந்தார்கள். ஓரங்களில் இருந்த சொரசொரப்பு நடுவில் இல்லை. பஞ்சில் அசிட்டோன் தொட்டு லேசாகத் துடைத்தார். கிரவுன் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் இருந்தது சாதாரண 1541ஏ. நல்ல சிப்தான், அதிலேயே அருமையாகப் பாடும் என்றார். அப்படிப்பட்ட சிப்புக்கு எதற்காகக் கிரவுன் ஒட்ட வேண்டும்? என் சம்பளத்துக்குத்தான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். பின்பக்கத்து டிஜிட்டல் அவுட்டாவது இருக்கிறதே, லேசரை எப்படியாவது மாற்றி டாக் மாட்டிக்கொள்ளலாம் என்று கேட்டேன். மெக்கானிக் பெட்டியைத் திருப்பி உள்பக்கம் கையைக் காட்டினார். சாக்கெட்டின் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு ஒயர்கூட இல்லை. சால்டர் வைத்த தடம் இல்லை. ஓட்டை போட்டு, சாக்கெட்டைச் சொருகி, நட்டு முறுக்கி, படம் எடுத்திருக்கிறார்கள்! லேசர் பழுதானது தெரியாது என்று யாராவது வாதாடலாம். ஒயர் இல்லாத சாக்கெட்டை ஒருவன் தெரியாமல் மாட்ட முடியுமா?

லேசர் புதிதாகக் கிடைக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். அந்தக் காலத்து மெக்கானிசத்தில் லேசர் ஒரு கையின் நுனியில் உட்கார்ந்து வில்வளைவாக ஆடும். இப்போது அதை யாரும் தயாரிப்பதில்லை. இன்னொரு பழைய பிளேயரிலிருந்து கழற்றினால்தான் உண்டு, அது எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி தளத்தின் லட்சணம். புகார் கொடுத்தேன். 'பொருள் இயங்குவதை விற்பனையாளர் வீடியோ மூலம் உறுதிசெய்துள்ளார்' என்று பதில். இப்போது இயங்கவில்லை என்று எழுதினேன். டெக்னீஷியன் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும் என்றார்கள். மெக்கானிக் தாளில் எழுதிக் கொடுத்தார், படங்களோடு அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை நீங்களே படியுங்கள்: 'பொருள் திறக்கப்பட்டிருப்பதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது.' திறக்காமல் டெக்னீஷியன் என்ன ஜோசியமா பார்ப்பார்? இதையே கேட்டு எழுதினேன். வேறொரு பெயரில் வேறொரு ஆள் வந்து, முதலிலிருந்து விவரம் கேட்டார். எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? என் ஒரு மாதச் சம்பளம் அவர் கையில். கமிஷன் இவர்கள் கையில். என் மேஜையில் ஒரு பெட்டி, சிடி தெரியாத சிடி பிளேயர்.

விவரமாக ஆலோசனை சொல்கிறேன் என்று மேலே எழுதியிருந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு.

பழைய பிளேயரில் முதலில் சாகிற உறுப்பு லேசர். சிப்பின் பெயரைச் சொல்லி விற்பவரிடம் லேசரைப் பற்றிக் கேளுங்கள், உதிரி கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே ஒரு மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். வீடியோ கேட்டால் எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் சிடியின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். டிஜிட்டல் அவுட் என்றால் அதில் டாக் மாட்டிச் சத்தம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள், சாக்கெட்டின் படம் செல்லாது. பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். தளத்தின் பாதுகாப்புத் திட்டத்தில் 'திறந்தால்' என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று பணம் கட்டும் முன் தேடிப் பாருங்கள்.

காசு குறைவு என்றால் என் பேச்சைக் கேட்டு டாக் பக்கம் போங்கள். அதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை, தேய்வதற்கு லேசர் இல்லை. சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அவ்வளவுதான். இன்று வரும் எளிய டாக்கே அதை அலட்டாமல் கையாளும். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதற்குச் சிடி கேட்பவர் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கோஆக்சியல் என்கிற டிஜிட்டல் அவுட் உள்ள பழைய டிவிடி பிளேயர் வீட்டில் கிடந்தால் அதையே மாட்டலாம். அது படுத்தால் இன்னொன்று. டாக் அப்படியே இருக்கும்.

எழுதி முடிக்கும் நேரத்தில் அதே தளத்தில் தேடிப் பார்த்தேன். வேறு பெயர், வேறு ஊர், அதே அப்பா, அதே 'வீடு மாற்றுகிறோம்'. சிப்பின் படம்கூட எனக்கு அனுப்பிய அதே படம்தான். கிரவுன் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு நீல கெபாசிட்டர் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தால் பதிலே போடாதீர்கள். நான் புகார் கொடுத்திருக்கிறேன், 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்திருக்கிறது. நீங்களும் ஒரு புகார் தட்டிவிடுங்கள்.