தனி வாரியமா, பொது வாரியமா? அமெரிக்க மாநிலங்களில் ஆஸ்டியோபதி மருத்துவச் சட்டம்

அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், அது முழுமையான மருத்துவப் படிப்புதானா என்ற கேள்வி நம் வீடுகளில் இன்றும் எழுகிறது. பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யும் ஆஸ்டியோபத், எலும்புக்கும் தசைக்கும் கையால் சிகிச்சை தருபவரே தவிர மருத்துவர் அல்லர் என்பதால் இந்தக் குழப்பத்தில் வியப்பில்லை. அமெரிக்காவிலோ ஆஸ்டியோபதிக் கல்லூரி தரும் டி.ஓ. பட்டம் பெற்றவர், அங்கே வழக்கமான மருத்துவக் கல்லூரி தரும் எம்.டி. பட்டம் பெற்றவரைப் போலவே மருந்து எழுதலாம், அறுவைச் சிகிச்சை செய்யலாம். 1896-இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய சட்ட அங்கீகாரம் 1973-இல் மிசிசிப்பியோடு 50 மாநிலங்களிலும் நிறைவேறியது. மருத்துவ உரிமம் மாநில அரசின் அதிகாரம் என்பதால், அந்த உரிமத்தை யார் வழங்குவது, புகார் வந்தால் யார் விசாரிப்பது என்பதில் மட்டும் மாநிலங்கள் இரு வழியாகப் பிரிந்து நிற்கின்றன: சிலவற்றில் இரு பட்டத்தாருக்கும் ஒரே உரிம வாரியம், மற்றவற்றில் டி.ஓ. மருத்துவர்களுக்குத் தனி வாரியம்.

டெக்சாஸ் 1907-லேயே ஒரே வாரியம் என்று முடிவு செய்து, ஆஸ்டியோபதி மருத்துவர்களையும் அதில் அமர்த்தியது. இன்று 19 உறுப்பினர் கொண்ட அந்த வாரியத்தில் 12 பேர் மருத்துவர்கள். அவர்களில் 3 பேர் டி.ஓ. பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று சட்டமே எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் இந்த மருத்துவத்தின் முதல் கல்லூரியைத் தொடங்கிய மிசூரியிலும் இன்று இரு தரப்புக்கும் ஒரே வாரியம்தான்.

புளோரிடா, மிச்சிகன், பென்சில்வேனியா, கலிபோர்னியா போன்றவை தனி வாரியம் வைத்திருக்கின்றன. புளோரிடாவில் எம்.டி. மருத்துவர்களுக்குச் சட்டத்தின் 458-ஆம் அத்தியாயம், டி.ஓ. மருத்துவர்களுக்கு 459-ஆம் அத்தியாயம். பின்னதன்படி அமைந்த வாரியத்தின் 7 உறுப்பினர்களில் 5 பேர் ஆஸ்டியோபதி மருத்துவர்கள், 2 பேர் பொதுமக்கள். முதுகுத்தண்டில் கையால் செய்த சிகிச்சை பற்றிப் புகார் வந்தால், அந்தச் சிகிச்சையைப் படித்துப் பழகியவர்களே அதை எடைபோடுவார்கள் என்பது இந்த முறையின் உண்மையான பலம்.

தனி வாரியத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கலிபோர்னியாவின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே 1922-இல் மக்கள் நேரடியாக வாக்களித்து ஆஸ்டியோபதிக்குத் தனி வாரியம் அமைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, மாநிலத்தின் இரு மருத்துவச் சங்கங்களும் கைகோத்துக்கொண்டு, ஆஸ்டியோபதியையே எம்.டி. தரப்போடு கரைத்துவிட முடிவெடுத்தன. குறுகிய கருத்தரங்கு ஒன்றில் கலந்துகொண்டு 65 டாலர் கட்டியவருக்கு எம்.டி. பட்டம் கொடுக்கப்பட்டது, சுமார் 2,000 பேர் வாங்கிக்கொண்டார்கள். 1962 நவம்பரில் மக்கள் ஒப்புதல் தந்த சட்டம், புதிய டி.ஓ. உரிமங்களை நிறுத்தியது. மீதமிருக்கும் டி.ஓ. மருத்துவர்கள் 40 பேராகக் குறையும்போது வாரியத்தின் பணிகளைப் பொது வாரியத்திடம் ஒப்படைக்கவும் அது வழி செய்தது. ஒரு தொழில் தானாகத் தேய்ந்து அழியட்டும் என்று தலையை எண்ணிக் காத்திருந்த சட்டம் அது. படிக்கும்போது இன்றும் மனம் கசக்கிறது. ஆனால் எண்ணிக்கை அந்த அளவுக்கு இறங்கும் முன்பே, 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் டாமிகோ வழக்கில் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. உரிமம் வழங்க அமைப்பு ஒன்று அப்போதும் உயிரோடு இருந்ததால் பணி மறுபடி தொடங்கியது.

இருந்தும் இன்றைய நிலையில் என் தேர்வு பொது வாரியமே, ஏனெனில் தனி வாரியம் காக்க வந்தவர்களையே கட்டிப்போட்டதும் உண்டு. புளோரிடா, மிச்சிகன், ஒக்லஹோமா, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்கள், படிப்புக்குப் பிந்தைய முதலாண்டுப் பயிற்சி அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கம் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று நீண்ட காலம் வலியுறுத்தின. ஐந்திலும் இருப்பது தனி வாரியம். எம்.டி. தரப்பு மருத்துவமனையில் நல்ல பயிற்சி பெற்ற டி.ஓ. மருத்துவர்கூட, அந்த மாநிலங்களுக்குக் குடிபெயர விரும்பினால், தன் பயிற்சியை ஏற்றுக்கொள்ளும்படி சங்கத்துக்குத் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. இரு தரப்புப் பயிற்சிகளும் 2020-இல் ஒரே அங்கீகார அமைப்பின்கீழ் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியது.

பொது வாரியம் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒஹாயோவின் 12 உறுப்பினர் வாரியத்தில் 7 பேர் எம்.டி., ஒருவர் மட்டுமே டி.ஓ. அந்த ஒருவர் வராத நாளில் ஆஸ்டியோபதிச் சிகிச்சை பற்றிய விசாரணை நடந்தால், அதைப் பயின்ற உறுப்பினர் எவரும் மேசையில் இருக்கமாட்டார். டெக்சாஸ் போல மூன்று இருக்கைகளைச் சட்டத்திலேயே எழுதிவைத்தால் இந்தக் குறை நேராது.