வரைபடம் இருக்கிறது, வழி எங்கே? சி:ஜியோவில் இணையமில்லா வழிகாட்டலுக்கு மூன்று ஏற்பாடுகள்

ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயிலில் வந்து ராத்தன் நிலையத்தில் இறங்கினால் எதிரே எல்பே ஆறு. தேடி வந்த கேச், அதாவது ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் யாரோ ஒளித்துவைத்த பெட்டி, அக்கரையில், பாஸ்டை பாறைகளின் பக்கம். ஆற்று மட்டத்திலிருந்து 194 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாறைகள் அவை. கைப்பேசியில் இருக்கும் அம்புக்குறிக்கு ஆறும் தெரியாது, பாறையும் தெரியாது. அக்கரையை நேராகச் சுட்டிக்காட்டிவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று இருந்துவிடும். சாக்சனியின் இந்தப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் எந்த வளைவில் கைவிடும் என்றும் சொல்ல முடியாது. எனவே வீட்டிலேயே வழியைக் கைப்பேசிக்குள் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற ஜியோகேச்சிங் செயலியை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. ஐபோனுக்கு சி:ஜியோ கிடையாது. அங்கே பலரும் கேச்லி என்ற செயலியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அது தனிக் கதை.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இணையமில்லா வரைபடத்தைப் பதிவிறக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். காட்டில் ஒற்றையடிப் பாதைகள்கூட அழகாகத் தெரிந்தன. ஆனால் கேச்சுக்கு வழி கேட்டால், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு நேர்கோடு. காரணம் எளியது. வரைபடக் கோப்பு கண்ணுக்கானது. எந்தப் பாதை எதோடு சேர்கிறது, எதில் நடக்கலாம், எதில் கார் போகும் என்ற கணக்கு வேறொரு கோப்பில் இருக்கிறது. இரண்டுமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத் தரவிலிருந்து வந்தாலும் இரண்டையும் தனித்தனியாக இறக்க வேண்டும்.

இனி ஏற்பாடுகள். முதலாவது, சி:ஜியோவுக்குள்ளேயே இருக்கும் வழிகாட்டல். உள்ளே இயங்குவது பிரவுட்டர் என்ற கணிப்பான். மேடு பள்ளங்களைக் கணக்கில் எடுத்து சைக்கிளுக்கு வழி சொல்லப் பிறந்தது. அமைப்புகளில் இதை இயக்கிவிட்டு, வரைபடத்தில் நம் பகுதியைத் திறந்து, வழித்தரவு இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொன்னால் போதும். குறைவதை அதுவே இறக்கித் தரும்.

தரவுக் கோப்பு ஒவ்வொன்றும் 5 டிகிரிக்கு 5 டிகிரி கட்டம். ராத்தனுக்கு வேண்டியது ஈ10_என்50, அதாவது கிழக்கே 10, வடக்கே 50 டிகிரியில் தொடங்கும் கட்டம். டிரெஸ்டன், லைப்சிக், பெர்லின் மட்டுமல்ல, எல்லை தாண்டி செக் தலைநகர் பிராகாவும் இதே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஹாம்பர்க்காரர்கள் பாவம், 10 டிகிரி தீர்க்கரேகை அவர்கள் ஊரை நடுவே அறுத்துப் போகிறது. கேச் ஒரு கட்டத்தில், வீடு இன்னொன்றில். ஒரு கோப்பை மட்டும் இறக்கிவிட்டு வழி தெரியவில்லை என்று குழம்பக் கூடாது.

இரண்டாவது, பிரவுட்டரைத் தனிச் செயலியாக நிறுவி சி:ஜியோவிலிருந்து அதை அழைப்பது. கணிப்பான் அதேதான் என்றால் எதற்கு இந்தச் சிரமம்? ஒரே தரவை ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற வேறு வரைபடச் செயலியோடும் பகிர்ந்துகொள்ளலாம். கைப்பேசியில் இடம் மிச்சம். எப்படிப்பட்ட வழியைத் தேர்வது என்று கணிப்பானுக்குச் சொல்லும் ப்ரொஃபைல் கோப்புகளைத் திருத்தி விளையாடும் ஆசாமிகளுக்கும் இது பிடிக்கும். மற்றவர்கள் இதைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் ப்ரொஃபைல் பற்றி எல்லோரும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நடைக்கு முதலில் அமைந்திருப்பது ‘மிகக் குறுகிய வழி’ என்ற ப்ரொஃபைல். அது தூரத்தை மட்டுமே பார்க்கும், ஏற்றத்தைப் பார்க்காது. பாஸ்டை பக்கம் அதை நம்பினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். சைக்கிளுக்கான ட்ரெக்கிங் ப்ரொஃபைல் ஏற்றத்தையும் எடை போடும். படகை அனுமதிப்பதா என்பதற்கும் அதில் ஒரு வரி உண்டு. ராத்தனில் அந்த ஒரு வரி பெரிய விஷயம். எஞ்சின் இல்லாமல், கம்பிவடத்தில் கட்டுண்டு ஆற்றோட்டத்தாலேயே நகரும் தோணி ஒன்று இங்கே கரைக்குக் கரை போய் வருகிறது. படகு வேண்டாமென்றால் பிர்னா அல்லது பாட் ஷாண்டாவ் பாலம் வரை சுற்ற வேண்டும்.

மூன்றாவது, கேச்சின் இடத்தை சி:ஜியோவிலிருந்து ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் வரைபடச் செயலிக்குக் கைமாற்றுவது. இவற்றில் வரைபடமும் வழித்தரவும் ஒரே கோப்பில் வருவதால் என் பழைய தவறுக்கே இடமில்லை. குரல் வழிகாட்டலும் கிடைக்கும். வண்டியோட்டிப் போகிறவர்களுக்கு இதுவே மேல். ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க இலவசம். ஓஎஸ்எம்ஆண்டின் இலவசப் பதிப்பில் இத்தனை வரைபடங்கள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குறை என்னவென்றால், செயலி மாறியதும் பக்கத்திலுள்ள மற்ற கேச்களும் விவரக் குறிப்பும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பார்க்கிங் வரை இது, அதன்பின் சி:ஜியோ என்று பிரித்துக்கொள்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான பலவீனம் பழைய தரவு. பாட் ஷாண்டாவ் பாலத்தை 2024 நவம்பரில் திடீரென மூடினார்கள். 2025 ஏப்ரலில்தான், அதுவும் எடை வரம்போடு, திறந்தார்கள். அக்டோபரில் இறக்கிய கோப்பு அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாலத்தின் மேல்தான் வழி சொல்லியிருக்கும். பிரவுட்டர் கட்டங்கள் அடிக்கடி புதிதாக வெளிவருகின்றன. பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை புதுப்பிப்பது நல்லது. இன்னொன்று: இங்குள்ள தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் குறியிட்ட பாதைகளில் மட்டுமே நடக்க அனுமதி. செயலி காட்டும் குறுக்குவழி அப்படிப்பட்டதா என்பதை மரத்திலுள்ள குறியைப் பார்த்து நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

என் தேர்வு முதல் ஏற்பாடு. கேச்களின் விவரத்தையும் துப்புகளையும் சி:ஜியோவில் சேமித்துவிட்டு, கிளம்பும் முன் விமானப் பயன்முறையில் போட்டு, ராத்தன் நிலையத்திலிருந்து கேச்சுக்கு வழி கேட்டுப் பார்ப்பேன். கோடு தோணித்துறையில் வளைந்தால் சரி. ஆற்றின் மேல் நேராக ஓடினால் ஏதோ ஒரு கட்டம் இன்னும் இறங்கவில்லை.