ஆமை புகுந்த வீடு: பீனிக்ஸில் ஒரு தத்தெடுப்புச் சேவை

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

அரிசோனாவில் பாலைவன ஆமையைக் காட்டிலிருந்து பிடித்து வருவது குற்றம். யாரோ வளர்த்துவிட்டு, வைத்துக்கொள்ள முடியாமல் ஒப்படைத்ததை வேண்டுமானால் தத்தெடுக்கலாம். பீனிக்ஸ் பக்கம் அப்படித் தத்துக் கொடுக்கும் இடம் ஒன்றில் (பெயர் வேண்டாமே) விண்ணப்பித்தேன். செலவை விட வேலைதான் அதிகம். சுற்றுச்சுவர் உண்டா, நாய் உண்டா, ஆமை பதுங்கும் வளை எப்படி என்று கொல்லைப்புறத்தையே படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். என் வளையை இரண்டு முறை நிராகரித்தார்கள். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா” என்று தென்காசியிலிருந்து அம்மா போனில் புலம்பல். எங்கள் வீட்டில் அமீனா முதலில் வந்தார், ஆமை பிறகுதான்.

ஆனால் நிராகரித்ததில் நியாயம் இருந்தது. இங்கே அரையடி தோண்டினால் நம்மூர் சுக்கான்பாறை மாதிரி இறுகிப்போன மண். சோம்பல்பட்டு, மண் இளகிய பள்ளமான மூலையில் வளையை வெட்டியிருந்தேன். ஜூலை மழையில் சரியாக அந்த மூலையில்தான் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மேட்டில், ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே பிளைவுட் போட்டு, மண்ணைக் குவித்த மூன்றாவது வளை அன்று சொட்டுக்கூட நனையவில்லை. நாலு நட்சத்திரமும் அதற்கே.

ஆமையைக் கையில் தந்த தொண்டரம்மாவும் கெட்டிக்காரர். ஓட்டின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தட்டில் தண்ணீர் கொண்டு போவது போலத் தரைக்குச் சமமாகத் தூக்கினார். பயந்தால் சிறுநீர் கழித்துவிடுமாம். காட்டு ஆமைக்கு அது மழையில்லாத மாதங்களுக்கான சேமிப்புத் தண்ணீர். கொட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் நான் கேட்டேன்: “இது மொஹாவியா, சொனோராவா?” அவர் சிரித்தார். “பாலைவன ஆமை, அவ்வளவுதான்.” கொடுத்த கையேட்டிலும் அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். 2011 வரை எல்லாம் ஒரே இனம் என்றே நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கும் சொனோரா ஆமையை கோஃபரஸ் மொராஃப்காய் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். மேற்கே இருக்கும் மொஹாவி ஆமை பழைய பெயரான கோஃபரஸ் அகாசிசியாகவே நின்றது. 2016-ல் மெக்சிகோவின் தெற்கு சொனோரா, சினலோவா முட்காடுகளில் மூன்றாவதாக எவ்கூடை என்றொரு இனம் வேறு. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான், குடித்தனம் வேறு. மொஹாவி ஆமை கிரியோசோட் புதர் மண்டிய சமவெளியில் நீளமாக வளை தோண்டும்; குளிர்கால மழையில் முளைக்கும் வசந்தகாலப் பூண்டுகளை நம்பி வாழும். சொனோரா ஆமைக்குச் சகுவாரோ கள்ளி நிற்கும் பாறைச் சரிவு. பாறையிடுக்கே வீடு, கோடை மழையே பந்தி. முன்னது ஒரே ஆண்டில் மூன்று முறைகூட முட்டையிடும், பின்னது அதிகபட்சம் ஒரு முறை.

அரிசோனாவின் கிங்மேன் ஊருக்கு மேற்கே பிளாக் மலைப் பக்கம் மொஹாவி ஆமைகள் ஆற்றைத் தாண்டி இந்தக் கிழக்குக் கரையிலும் இருக்கின்றன. அங்கே இரண்டும் சந்தித்துக் கலப்புக் குட்டிகளும் பிறக்கின்றன. ஆனாலும் கலப்பு ஒரு குறுகிய பட்டையோடு நின்றுவிடுகிறது. சமவெளிக்காரன் சமவெளியில், மலைக்காரன் மலையில்.

கொல்லைப்புறத்தில் அந்த ஒழுங்கு ஏது? கிங்மேன், பீனிக்ஸ், டூசான் வீடுகளில் வளர்ந்த 180 ஆமைகளின் மரபணுவைப் பார்த்த 2010 ஆய்வில் 40 சதவீதத்துக்கு மேல் மொஹாவி அல்லது கலப்பு. மனிதன் காரில் ஏற்றிக் கொண்டுவந்த கலப்பு.

எங்கள் ஆள் நான் அடுக்கிய கற்களுக்கடியில்தான் மதியம் முழுக்கக் கிடப்பான். “அப்போ சொனோராதான்பா” என்கிறாள் மகள். நிழல் கிடைத்தால் எந்த ஆமையும் கிடக்கும், அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒவ்வொன்றுக்கும் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கையேட்டில் ‘வெளியே விடக்கூடாது, இனப்பெருக்கம் செய்ய வைக்கக்கூடாது’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஏன் என்று ஒரு வரி இல்லை. காரணம் தெரியாததால்தான் பக்கத்து வீட்டுக்காரர், “வீடு மாறும்போது மலையடிவாரத்தில் விட்டுட்டுப் போங்க, சந்தோஷமா இருக்கும்” என்று எனக்கு அறிவுரை சொன்னார். அப்படி விட்டால் காட்டு ஆமைகளுக்கு வீட்டு ஆமையின் சளி நோயும் போய்ச் சேரும், ஊர் தெரியாத மரபணுவும் போய்ச் சேரும். அந்த ஒரு வரிக்குத்தான் ஒரு நட்சத்திரம்.

மற்றபடி தாராளமாக விண்ணப்பியுங்கள். சப்பாத்திக் கள்ளி, மல்பெரி இலை, செம்பருத்திப் பூ இருந்தால் தீனிக்குக் கவலையில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் வாழும், பிள்ளைகளிடம் இப்போதே பேசி வையுங்கள். கடப்பாரையை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள், மண்வெட்டி இங்கே வேலைக்காகாது.