கார்டு மக்கர் செய்தால் எங்கிருந்து தேடுவது?

கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகியிருக்கும் சவுண்ட் கார்டு, கிராபிக்ஸ் கார்டு போன்ற ஒன்று மக்கர் செய்ய ஆரம்பித்ததும் நம்மில் பலர் முதலில் கை வைப்பது டிரைவரில்தான், அதாவது அந்தக் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில். நானும் அப்படித்தான். சவுண்ட் கார்டு ஒன்று திடீர் திடீரென்று காணாமல் போனது. இரண்டு நாள் மாலை முழுவதும் டிரைவரை நீக்கி, பழைய பதிப்பைப் போட்டு, புதியதைப் போட்டு, கடைசியில் விண்டோஸையே மறுபடி நிறுவினேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் கேஸைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டின் உள்பக்க முனையில் தங்க நிறப் பற்கள் நூலளவு வெளியே தெரிந்தன. பின்பக்க முனையில் தெரியவில்லை. கார்டைக் கேஸோடு பிணைக்கும் பிராக்கெட் திருகை இறுக்கியபோது கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. திருகைத் தளர்த்தி, கார்டை அழுத்தி உட்காரவைத்து, மெதுவாக முடுக்கினேன். சரியாகிவிட்டது.

டிரைவர் வழி வீண் என்று சொல்லவில்லை. விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கோட் 28 என்ற பிழை எண் வந்தால் டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள். அங்கே அதுதான் சரியான வழி. கோட் 43 அப்படியல்ல. சாதனம் ஏதோ கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். குற்றம் டிரைவரிலும் இருக்கலாம், கார்டிலும் இருக்கலாம். ஆனால் பட்டியலில் கார்டு தலையே காட்டாவிட்டால் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிரைவர் இல்லாத கார்டுகூட அடையாளம் தெரியாத சாதனமாகவாவது அங்கே நிற்கும். கிராபிக்ஸ் கார்டு என்றால், விண்டோஸ் கிளம்பும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையைப் பாருங்கள். மானிட்டரையும் கேபிளையும் மாற்றிய பிறகும் அங்கேயே கோடும் புள்ளியும் சிதறினால், குற்றம் டிரைவரில் இல்லை; விண்டோஸ் டிரைவர் அப்போது இயங்கவே ஆரம்பித்திருக்காது.

விண்டோஸை மறுபடி நிறுவுவதா, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்பதா என்றால் நான் இரண்டாவதன் பக்கம். டிஸ்க்கில் எதையும் தொடாமல், எல்எஸ்பிசிஐ (lspci) என்ற ஒரே கட்டளையில் மதர்போர்டு அந்தக் கார்டைப் பார்க்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வதில் அழிரப்பரா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா என்ற பழைய வழக்கு உண்டு. ஆல்கஹால்தான். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போகும், மெல்லிய தங்கப் பூச்சும் தேயும். பழைய கிராபிக்ஸ் கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிழைத்தாலும் கொஞ்ச நாள்தான், கிளம்பும் புகையும் நல்லதல்ல.

அடுத்து, ஸ்லாட்டை மாற்றுவதா, கார்டை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதா? ஸ்லாட்டை மாற்றுவது கைக்கெட்டும் வேலை. எக்ஸ்1 (x1) என்ற சிறிய வகைக் கார்டு எக்ஸ்16 (x16) என்ற நீள ஸ்லாட்டிலும் தாராளமாக வேலை செய்யும். ஆனால் அதன் தீர்ப்பை அப்படியே நம்ப முடியாது. பல மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பு டிஸ்க்) ஒன்றைப் போட்டதும் கீழே இருக்கும் ஸ்லாட் ஒன்று தானாக அணைந்துவிடும். அதில் செருகிவிட்டு, கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. மதர்போர்டு கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் நான் அதிகம் நம்பும் சோதனை. அங்கேயும் இயங்காவிட்டால் சந்தேகம் கார்டின் மேல் கெட்டியாகிவிடும். அங்கே இயங்கினால் மட்டும் அவசரப்படக் கூடாது. ஸ்லாட் வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கேபிள் ஒன்று 150 வாட் வரை தரும். கேம் ஓடும்போது மட்டும் உங்கள் கம்ப்யூட்டர் அணைகிறது, அங்கே அணையவில்லை என்றால், தேட வேண்டியது பவர் சப்ளையில். இயங்கும் என்று தெரிந்த இன்னொரு கார்டை உங்கள் ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தால் சோதனை இரு பக்கமும் முழுமையாகும். கார்டை எடுத்துப்போகும்போது உங்கள் பவர் கேபிளைக் கூடவே எடுத்துப்போகாதீர்கள். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளைகளில் கேபிளின் மறுமுனைப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். மாற்றிச் செருகினால் நல்ல கார்டும் கருகிவிடும்.