சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம்: எந்த வழியில் எத்தனை ரூபாய் சேரும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் போனால், பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நடைபாதை வரை நீண்டிருக்கும். நிற்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்றைக்கு ரேட் என்ன?" பதினோரு ஆண்டுகள் நானும் அதையேதான் கேட்டேன். "ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால் ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?" என்று கேட்டிருக்க வேண்டும். விகிதத்தைத் தனியாகவும் கட்டணத்தைத் தனியாகவும் பார்ப்பவன்தான் ஏமாறுகிறான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கிச் செயலி ஒன்று கட்டணமே வாங்காமல் 64.20 ரூபாய் தருகிறது. கடைக்காரர் 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 64.80 தருகிறார். ஆயிரம் வெள்ளி அனுப்பினால் செயலியில் 64,200 ரூபாய், கடையில் 64,476 ரூபாய். கடையே மேல். இருநூறு வெள்ளி மட்டும் அனுப்பினால் செயலியில் 12,840, கடையில் 12,636. இப்போது செயலி மேல். இந்தக் கணக்கில் 540 வெள்ளியில் இரண்டும் சமம். 'இலவசம்' என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்: கட்டணம் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டணம் மாறாத இடத்தில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் தம்பிகள், மாதம் ஒருமுறை சேர்த்து அனுப்பினாலே கணிசமாக மிச்சமாகும்.

வைஸ் போன்ற செயலிகளின் முறை வேறு. சந்தை விகிதத்தை அப்படியே காட்டி, கட்டணத்தைத் தனியே சொல்லிவிடுகின்றன. எவ்வளவு போகிறது என்பது அனுப்பும் முன்பே தெரிகிறது. ஆனால் தொகை கூடக் கூடக் கட்டணமும் கூடும். அதனால் கடையின் இறுதித் தொகையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டே அனுப்ப வேண்டும். கடை என்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும்.

அவசரத்துக்கு நான் நம்புவது, சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய உடனடிப் பணப்பரிமாற்ற முறைகளின் இணைப்பை. 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. ஊரில் இருப்பவரின் யுபிஐ முகவரி இருந்தால் போதும். நள்ளிரவிலும் சில நொடிகளில் பணம் போய்ச் சேரும். தொடங்கியபோது ஒரு நாளைக்குச் சிறு தொகைதான் அனுப்ப முடிந்தது. சேர்ந்திருந்த வங்கிகளும் குறைவு. நம் வங்கியும் ஊர் வங்கியும் இதில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா மருத்துவமனையில் சேர்ந்த இரவில், ரேட்டில் போகும் இருநூறு முந்நூறு ரூபாயை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வங்கிக் கிளையில் படிவம் நிரப்பி அனுப்பும் பழைய முறையை மாதச் செலவுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வழியே போகிறது. அந்த வலையமைப்பு வங்கிகளுக்கிடையே செய்தியை மட்டுமே கொண்டுசெல்கிறது; பணம் இடையில் உள்ள வங்கிகளின் கணக்குகள் வழியே கைமாறுகிறது, அவர்களும் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருமுறை 2,000 வெள்ளி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, முப்பது வெள்ளி குறைந்து போய்ச் சேர்ந்தது. இங்கே கேட்டால் அங்கே என்றார்கள், அங்கே கேட்டால் இங்கே என்றார்கள். போதாக்குறைக்கு, ரூபாயாக மாற்றும்போது இந்திய வங்கி ஜிஎஸ்டியும் பிடிக்கும். ஒரு லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய். வீடு, நிலம் என்று பெருந்தொகை அனுப்பும்போது மட்டும் இந்தக் கிளை முறை பொருந்தும். அப்போது கிடைக்கும் ஆவணங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தப் பணம் உங்கள் என்ஆர்இ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) சேர்ந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை.

வெஸ்டர்ன் யூனியன் போன்றவற்றின் வழியே ரொக்கமாக வாங்கிக்கொள்வது, வங்கிக் கணக்கு இல்லாத பெரியவர்களுக்கு உதவும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருமுறைக்கு 2,500 அமெரிக்க டாலர் வரைதான் அனுப்பலாம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர மாட்டார்கள்.

விடுமுறைக்குப் போகும்போது கையில் வெள்ளியாகக் கொண்டுபோய் ஊரில் உரிமம் உள்ள பணமாற்றுக் கடையில் மாற்றுவதும் சிறு தொகைக்குச் சரிதான். விமான நிலையத்தில் மட்டும் மாற்றாதீர்கள். பொதுவாக அங்கே ரேட் மோசமாக இருக்கும்.

கடைசியாக உண்டியல், அதாவது வங்கியோ உரிமமோ இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் வழி. அதைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது, ஏனென்றால் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரே ஆள் காட்டுவார். ரேட்டும் ஆசை காட்டும். இங்கே வெள்ளியைக் கொடுத்தால், ஊரில் ஒருவர் வீட்டுக்கே வந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பார். இது இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதமானது. சிங்கப்பூரிலும் உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் செய்வது குற்றம். நடுவில் ஆள் மறைந்தால் புகார் கொடுக்கக்கூட வழியில்லை. என்னோடு கப்பல் பட்டறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆறு ஆண்டுகள் உண்டியலில் மட்டுமே அனுப்பினார். ஊரில் மனை வாங்கியபோது, பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்துச் சேர்த்த ஒன்பது லட்சம் ரூபாய் அது. காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.