எம்ஏ60: ஏறிப் பார்த்ததும், நிற்கக் கண்டதும்

சீனாவின் எம்ஏ60 பயணிகள் விமானத்துக்கு என் மதிப்பெண் 5க்கு 3. நேபாளத்துக்கு அது வந்த கடனுக்கு 1, அந்த ஒன்றும் வட்டி குறைவு என்பதற்காக.

போர் முடிந்து சில வருடங்களில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கு இலங்கை விமானப்படை ஹெலிடூர்ஸ் என்ற பெயரில் பயணிகளை ஏற்றியது ஞாபகம் இருக்கும். அதில் ஓடியது இந்தச் சீன எம்ஏ60தான். ஒரு தரம் போயிருக்கிறேன். இரவு பஸ்ஸில் முழங்கால் மடக்கி விடியும்வரை இருக்கும் தூரத்தை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டது, இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் எஞ்சின் பக்கம் தவிர்ந்த யன்னல் கதிரையில் இருந்தால் கீழே கடலும் பனங்காணியும் மறைப்பில்லாமல் தெரியும். சோவியத் காலத்து அன்டோனோவ் 24ஐப் பார்த்துச் சீனர்கள் செய்த வை7தான் இதன் மூதாதை, எஞ்சின் கனடாவின் பிராட் அண்ட் விட்னி. சுமார் 60 பேர் இருக்கலாம். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் சித்தியோடு முக்திநாத் யாத்திரை போனபோது காத்மாண்டு விமான நிலையத்தில் அதே விமானத்தைத் திரும்பவும் கண்டேன். ஒரு ஓரமாக, புரொப்பெல்லரைப் பட்டியால் இழுத்துக் கட்டியபடி. எங்கள் உள்நாட்டு விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தியதால் (எந்தக் கம்பனி என்று சொல்ல மாட்டேன், பாவம்) அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. "கழுவித் துடைச்சு வச்சிருக்கலாமே" என்றார் சித்தி.

அது நேபாள் ஏர்லைன்ஸின் விமானம். 2012இல் சீனாவோடு போட்ட ஒப்பந்தப்படி ஆறு விமானங்கள்: எம்ஏ60 இரண்டு, 17 பேர் போகும் வை12இ நான்கு. ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று இனாம். மீதி நான்குக்கும் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியின் கடன், ஏறத்தாழ 372 கோடி நேபாள ரூபாய். கடனை அரசாங்கம் எடுத்து விமானக் கம்பனியின் தலையில் வைத்தது. 2014இல் முதல் விமானம் வந்தது. ஓட்டப் பைலட் போதாது, உதிரிப்பாகம் நேரத்துக்குக் கிடைக்காது, பறந்தால் வரும் வருமானத்தைவிடச் செலவு கூட. ஒரு வை12இ நேபாள்கஞ்சில் விழுந்து சேதமானது. மிச்சம் ஐந்தையும் 2020இல் நிறுத்திவிட்டார்கள்.

நேபாளத்தின் இந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு ஊரில் ஒரு மாமாவின் லாண்ட்மாஸ்டர்தான் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஞாபகம் வந்தது. லீசிங் தருகிறோம் என்று வந்தவர்களே இந்த மொடல்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், கலப்பை ஒன்றும் இனாம். ஒரு போகம் உழுதது. அதன் பிறகு ஏதோ ஒரு பாகம் உடைந்தது, யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. மெசின் மாமரத்துக்குக் கீழே, கோழி அதில் ஏறிப் படுக்கும், தவணை மட்டும் மாதம் தவறாமல் ஓடியது. கடன் தருகிறவன் தன் சாமானை விற்கத்தான் தருகிறான், அதில் தப்பில்லை. உன் தரைக்கு அது உழுமா, பழுதானால் ஆர் திருத்துவார் என்று நீதான் கேட்க வேண்டும், மாமா கேட்கவில்லை, இனாம் கலப்பையைப் பார்த்துவிட்டார். நேபாளமும் அந்த இரண்டு இனாம் விமானத்தைப் பார்த்துத்தான் மயங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

சீனாவை மட்டும் சொல்லிப் பயனில்லை, விமானம் செய்கிற பணக்கார நாடுகள் எல்லாமே ஏற்றுமதிக் கடன், உத்தரவாதம் என்று ஏதோ ஒரு வழியில் இதைச் செய்கின்றன. நாங்களும் சிரிக்கிற நிலையில் இல்லை. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2013இல் எயார்பஸ்ஸிடம் பத்து விமானம் கேட்டது, பிறகு ஏ350 ரக விமானம் வேண்டாம் என்று நட்ட ஈடு கட்டியது, 2020இல் எயார்பஸ் பல நாட்டு லஞ்ச வழக்குகளுக்காக 360 கோடி யூரோ கட்ட ஒத்துக்கொண்டபோது அந்த வரிசையில் எங்கள் கம்பனி பெயரும் இருந்தது. அரசு உத்தரவாதம் கொடுத்த அதன் 17.5 கோடி டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது.

சரி, விமானத்துக்கு வருவோம். இப்போதும் எங்காவது எம்ஏ60இல் இடம் கிடைத்தால் ஏறுவேன், யன்னல் பக்கம் கேட்டு வாங்குவேன். காத்மாண்டுவில் நின்றவற்றைக் குத்தகைக்கு விடப் பார்த்தார்களாம், ஒருவரும் வரவில்லை. மாமாவின் லாண்ட்மாஸ்டரையாவது கடைசியில் பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.