ஒயரமான ஹேண்டில் பார் போட்டு ஒன்றரை வருசம்: முதுகு செரியாச்சு, ஒயர் பட்ட பாடு

போன வாரம் கூட்டுக்காரன் ஒருத்தன் போன் போட்டு, "மக்கா, நீ ஹேண்டில் பார் மாத்துனல்லா, எப்பிடி இருக்கு, எனக்க வண்டிக்கும் போடலாமா"ன்னு கேட்டான். போன்ல சொல்லி முடியாதுன்னுதான் ஒக்காந்து எழுதுதேன்.

வண்டி ஸ்பிளெண்டர் பிளஸ், 2010 மாடல், கார்புரேட்டர், முன்னால டிரம் பிரேக், அதுல புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. குளச்சல்ல இருந்து திங்கள்சந்தை வழியா நாரோயில், (நாகர்கோவில்தான்) தெனமும் போக வர. பழைய பார்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகுக்கு கீழ ஒரே வலி, அதான் ரெண்டரை இஞ்ச் ஒயரமான பார் வாங்கிப் போட்டேன். ஒரே வாரத்துல வலி போச்சு. அத மறைக்க மாட்டேன், அந்த ஒரு விசயத்துல ரொம்ப கொள்ளாம்.

ஆனா பார் ஏறிச்சு, ஒயர் ஏறல. ஒயர்னா கரண்டு ஒயர் இல்ல, ஒறைக்குள்ள கம்பி ஓடுத கேபிளு. கிளச்சு, ஆக்சிலேட்டர், முன்பிரேக் மூணுமே பழைய ஒயர், பழைய நீளம். மாட்டிவிட்ட மெக்கானிக் ஒயர் தொய்வ கூட்டிக் கொறைக்க திருக்குத எல்லா அட்ஜஸ்டரையும் லூஸ் பண்ணி, லீவர் லேசா ஆடுகத காட்டி, "ஓட ஓட செரியாவும்"ன்னு அனுப்பிட்டாரு. நல்ல மனுசன், கூலியும் கொறச்சுதான் வாங்கினாரு, ஆனா இந்த எடத்துல அவரு செஞ்சது தப்பு. ஏன்னா அட்ஜஸ்டர திருக்குனா ஒயர் நீளாது. வெளி ஒறைக்கும் உள்ள ஓடுத கம்பிக்கும் நடுவுல உள்ள தொய்வு மட்டும்தான் கூடும் கொறையும். வெளி ஒறையே எட்டாம வலிச்சுக்கிட்டு நிக்கும்போது அட்ஜஸ்டர என்னத்த திருக்கி என்ன கிட்டும்?

எனக்கு இது வெளங்குனது திங்கள்சந்தைலதான். சந்தைக்குப் பக்கம் இடது பக்கமா ஒரு சந்துக்குள்ள திருப்புனேன், பைய போறேன், கை ஆக்சிலேட்டர முறுக்கவே இல்ல, எஞ்சின் தானா உறுமிச்சு. முன்னால மீன் கூடையோட ஒரு அக்கா. கிளச்ச புடிச்சு பிரேக்க மிதிச்சு நிறுத்திட்டேன், ஆனா நெஞ்சு அடிச்ச அடி கொறைய ரொம்ப நேரம் ஆச்சு. காரணம் இதான்: இடது பக்கம் திருப்பும்போது வலது கை முன்னால போவும், ஆக்சிலேட்டர் ஒயருக்கு அந்த நேரம் நீளம் கூடுதலா வேணும், அது இல்லாததுனால ஒறை வலிபட்டு உள்கம்பிய இழுத்துரும், எஞ்சினுக்கு பெட்ரோல் கலந்து குடுக்க கார்புரேட்டர் தொறக்கும். கிளச்சுக்கு நேர் எதிர், வலது பக்கம் முழுசா ஒடிச்சா லீவர்ல தொய்வே இருக்காது, பாதி கிளச்ச புடிச்ச மாரிதான், அப்பிடியே ஓட்டுனா கிளச் பிளேட்டு தேயும்.

முன்பிரேக் ஒயர் வேற மாரி. அது ஹேண்டிலோடயும் வீலோடயும் சேந்தே திரும்புகதுனால திருப்புனா ஒண்ணும் ஆவாது, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கி முன் ஷாக் முழுசா நீளும்போதுதான் அதுக்கு நீளம் பத்தாம போவும். இத எங்கிட்ட யாரும் சொல்லல, ஒவ்வொரு பிரேக்கர் தாண்டும்போதும் முன்னால லேசா ஒரு புடி புடிக்கி, டிரம்முதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அதுக்குள்ள உரசுத பிரேக் ஷூவ வேற மாத்திட்டேன். ஷூ நல்லாத்தான் இருந்துச்சு.

கடைசில நாரோயில்ல ஒரு ஸ்பேர் கடைல பழைய ஒயர்கள கொண்டு காட்டி, மூணுக்கும் நீளம் கூடுனது வாங்கி நானே மாட்டுனேன். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும். மொதல்ல கிளச்சும் ஆக்சிலேட்டரும் எந்த வழியா போவுதுன்னு பாக்கணும், டேங்குக்கு அடில நசுங்கக் கூடாது, ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சா எங்கயும் வலிக்கக் கூடாது. அதுக்குப் பொறவுதான் தொய்வு வைக்கது: கிளச் லீவர் நுனில 10 லேர்ந்து 20 மில்லிமீட்டர், ஆக்சிலேட்டர்ல 2 லேர்ந்து 6, முன்பிரேக்ல 20 லேர்ந்து 30. அட்ஜஸ்டர் அசையாம புடிக்க லாக் நட்ட இறுக்கிட்டு ஒருக்கா கூட அளந்து பாருங்க, இறுக்கும்போதே மாறிரும். அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல வச்சு ஹேண்டில இடதும் வலதும் முழுசா திருப்புங்க, எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறுனாலும் ரோட்டுல எறக்காதீங்க.

செரியாச்சுன்னு நெனச்சேன். ஏழு மாசத்துல கிளச் ஒயர்ல நிப்பிள், அதான் லீவர்ல மாட்டுத குமிழு, அது பக்கம் ஒரு பிரி அறுந்து நிக்கி. கடக்காத்து உப்பு இருக்கே, ஆனி ஆடி சாரல், பொறவு ஐப்பசி மழை, லீவர் பக்கம் வெளிய தெரியுத அந்த அர இஞ்ச் கம்பிதான் எல்லாத்தையும் வாங்குது. ரப்பர் மூடி பழைய அளவு, புது ஒயர்ல செரியா ஒக்காரல. இப்பம் மாசம் ஒருக்கா மூடிய தள்ளிப் பாத்து ரெண்டு சொட்டு எண்ண விடுதேன், கெட்டி கிரீசு போட மாட்டேன், மண்ணு ஒட்டும். அப்பிடியும் ரெண்டாவது ஒயர் ஓடுது. இதுல ஹாரன் ஒயரும் இழுபட்டு ஒரு நாள் சத்தமில்லாம போச்சு, அத நீட்டி ஒட்டுனது தனி வேல. காத்து கூடுதலா அடிக்க ஆரல்வாய்மொழி பக்கம் போனா நேரா ஒக்காந்திருக்கதுனால காத்து முழுசும் நெஞ்சுலதான், பழைய பார்ல இவ்வளவு தெரியாது.

இப்பம் வண்டி ஓட்ட சொகமா இருக்கு, கிளச்சு வெண்ண மாரி, முதுகு வலி இல்ல. ஆனாலும் மக்கா, நீ போடாண்டாம். மூணு ஒயரையும் சேத்து மாத்த மனசு இல்லாம பார மட்டும் மாத்துனா அந்த சந்துல நான் நின்ன மாரி நீயும் நிப்ப, எனக்கு அது நெனச்சாலே ஆவல. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, எனக்க வண்டிய குளச்சல் துறைமுகம் வர ஓட்டிப் பாரு. முதுகுதான் பிரச்சினன்னா மொதல்ல ஒனக்க சீட்டு பஞ்ச கழட்டிப் பாப்போம், அது அமுங்கித்தான் கெடக்கும்னு எனக்கு தோணுது.